பாய் எங்கிருந்து வந்தார்?

போன வருஷம் எங்கள் பாடசாலைக் கலைவிழாவுக்கு ஒரு நாடகம் எழுதித் தரச் சொல்லி தரம் 10 பிள்ளைகளிடம் கேட்டிருந்தேன். இருபது நிமிஷம், ஐந்தாறு பாத்திரங்கள். நம்ம ஊர்க் கதையாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. இரண்டு கிழமையில் பன்னிரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார்கள். முதல் பக்கத்தில் பாத்திரங்களின் பட்டியல்: ரவி, குமார், மீனா, மீனாவின் அப்பா, பொலிஸ் இன்ஸ்பெக்டர், பாய்.

எங்களுடையது மாத்தளை மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் பாடசாலை. அந்த வகுப்பில் ரவியும் இல்லை, மீனாவும் இல்லை. காட்சி மாத்தளை பஸ் நிலையத்தில் நடக்கிறது என்று தலைப்பில் எழுதியிருந்தார்கள், ஆனால் ரவியும் குமாரும் சண்டை பிடித்தது அசல் சென்னைத் தமிழில். கடைசிக் காட்சியில் தொப்பி போட்ட பாய் வருகிறார். இரண்டு பேரின் தோளிலும் கை வைத்து, “நாம எல்லாரும் அல்லாவோட பிள்ளைங்கப்பா” என்கிறார். சண்டை தீர்கிறது. திரை.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிக்க முடியவில்லை. அல்லாஹ்வுக்குப் பிள்ளைகள் இல்லை என்பதை இந்தப் பிள்ளைகள் நான்கு வயதில் குர்ஆன் மத்ரஸாவில் குல்ஹுவல்லாஹு ஓதும்போதே படித்தவர்கள். நாம் அவனுடைய அடியார்கள். எந்த முஸ்லிமும் சொல்லாத ஒரு வசனத்தை, ஒரு முஸ்லிம் பாத்திரத்தின் வாயில், முஸ்லிம் பிள்ளைகளே வைத்திருந்தார்கள்.

“நம்ம ஊர்ல ஆரையாவது பாய் எண்டு கூப்பிட்டீக்கிறீங்களா?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. நாநா, மாமா, ஹாஜியார், மௌலவி, மிஞ்சிப் போனால் முதலாளி. பாய் என்று எங்களிடம் ஒருவரும் கிடையாது. பின்வரிசையில் இருந்த ஒரு பையன் மட்டும் எழும்பிச் சொன்னான்: “இல்ல டீச்சர். ஆனா படத்துல அப்பிடித்தானே.”

அவன் சொன்னதை யோசித்துப் பார்த்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

டெக்கும் உம்மும்மாவும்

சினிமாவைக் குறை சொல்லித் தொடங்க எனக்கு உரிமை இல்லை. நான் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்துப் பட்டம் பெற்றவள்தான். ஆனாலும் தமிழின் மீது ஆசை வந்தது பேராதனையில் அல்ல, எங்கள் வீட்டு முன்னறையில். வாப்பா மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற சின்ன வியாபாரி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெக் வாடகைக்கு வரும். பக்கத்து வீட்டாரும் வருவார்கள். மூன்று படம் தொடர்ந்து ஓடும். வாப்பா பள்ளி நிருவாக சபையில் இருந்தபடியால் ஜன்னல் திரையை மட்டும் நன்றாக இழுத்துவிடுவார்.

மணிரத்னத்தின் ‘ரோஜா’வை (1992) அப்படித்தான் பார்த்தோம். அதில் ஒரு காட்சி எல்லாருக்கும் நினைவிருக்கும். காஷ்மீரில் கடத்தி வைக்கப்பட்டிருக்கிற கதாநாயகன், தீவிரவாதிகள் கொளுத்திய இந்தியக் கொடியின் மீது பாய்ந்து, தன் உடம்பில் நெருப்பைப் பிடித்து அணைக்கிறான். பின்னணியில் பாட்டு. அந்த நெருப்பைக் காட்டுகிற காட்சிகளுக்கு இடையிலே தீவிரவாதத் தலைவன் தொழுவதை வெட்டி வெட்டிக் காட்டுகிறார்கள்.

என் உம்மும்மா அதைப் பார்த்துவிட்டு, “அவரு தொழக்குள்ள இவன் என்னத்துக்கு மகள் நெருப்புல பாயிற?” என்று கேட்டா. பன்னிரண்டு பதின்மூன்று வயது எனக்கு. பதில் தெரியவில்லை. ஒரு மனிதன் தொழுகிறான், இன்னொருவன் எரிகிறான். இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் தொழுகைதான் நெருப்பு மூட்டியது என்று கண் முடிவு செய்துவிடுகிறது. படத்தொகுப்பு என்கிற கலை செய்கிற வேலை அது. படத்தின் முடிவில் அதே தலைவன் மனம் மாறிக் கதாநாயகனைப் போக விடுகிறான் என்பது உண்மை. ஆனால் அந்தத் தணிவை விட இந்த நெருப்புத்தான் மனதில் நிற்கிறது.

உம்மும்மாவுக்கு அந்தக் காட்சி விளங்காமல் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதற்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால்தான், 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். அதே வருஷம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் தங்கள் மண்ணை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். உம்மும்மா அறிந்த உலகத்தில், தொழுகிறவன் துவக்குக்கு முன்னால் நிற்கிறவன். துவக்குப் பிடித்தவனாகத் தொழுகிறவனைப் பார்ப்பது அவவுக்குப் புதுசு. தமிழ்நாட்டில் இருந்து வந்த படம் எங்களுக்குத் தமிழைத் தந்தது, பாட்டைத் தந்தது. கூடவே எங்கள் அனுபவத்துக்கு நேர் எதிரான ஒரு முஸ்லிமையும் தந்தது. நாங்கள் மூன்றையும் ஒரே கொப்பியில் வாங்கிக்கொண்டோம்.

வாப்பாவின் ரஹீம்

வாப்பாவுக்குப் பிடித்த முஸ்லிம் வேறு. ‘பாவமன்னிப்பு’ (1961) படத்தில் சிவாஜி நடித்த ரஹீம். பீம்சிங் இயக்கிய அந்தப் படத்தில் நாகூர் ஹனிஃபாவும் டி. எம். சௌந்தரராஜனும் சேர்ந்து பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. நோன்புப் பெருநாளன்று காலையில் அந்தப் பாட்டு எங்கள் வீட்டில் ஒலிக்காத வருஷம் இல்லை. “பாத்தியா, சிவாஜியே தொப்பி போட்டீக்கார்” என்பார் வாப்பா. நாட்டிலே பெரிய நடிகர் நம்மவராக வந்து நின்றது அவருக்கு ஒரு கௌரவம்.

எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். மூன்று மதத்தையும் மரியாதையோடு நடத்துகிற படம் அது, அந்த மரியாதை போலியானதும் அல்ல. ஆனாலும் வயது வந்த பிறகு பார்த்தபோது ஒன்று உறுத்தியது. ரஹீம் பிறப்பால் முஸ்லிம் அல்ல. எம். ஆர். ராதா நடித்த ஆளவந்தாரின் பிள்ளை. ஒரு நல்ல முஸ்லிம் பெரியவரிடம் வளர்ந்ததால் முஸ்லிமானவன். தமிழ்ச் சினிமாவின் மிகச் சிறந்த முஸ்லிமை உருவாக்க, கதை அவனை வேறொரு வீட்டிலிருந்து எடுத்து வர வேண்டியிருந்தது. ஒரு தாய் தகப்பனுக்குச் சும்மா பிறந்த, சாதாரண முஸ்லிம் ஒருவன் கதாநாயகனாக நிற்க அங்கே இடம் இருக்கவில்லை.

இன்னும் ஒன்று. இந்த நல்லவருக்குச் சொந்தமாக ஆசை, கோபம், கடன், கஞ்சத்தனம் எதுவும் இருப்பது குறைவு. மற்றவர்களின் சண்டையைத் தீர்க்கிறார், மற்றவர்களின் பிள்ளையைக் காப்பாற்றுகிறார், தேவைப்பட்டால் மற்றவர்களுக்காகச் சாகிறார். ரஹீமுக்குப் பின்னால் எத்தனையோ படங்களில் கதாநாயகனின் நண்பனாக, கறிக்கடைக்காரராக, பெரியவராக வந்து போன எல்லாப் பாய்களும் இந்த வேலையைத்தான் செய்தார்கள். என் பிள்ளைகளின் நாடகத்தில் கடைசிக் காட்சியில் வந்தவர் இவர்தான். வாப்பா பெருமையோடு வீட்டுக்குள் கூட்டி வந்தவர், பேரப்பிள்ளைகளின் கொப்பியில் போய் இருந்துவிட்டார்.

ஒரே வருஷத்தில் இரண்டு திரை

2012 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை. எங்கள் மாவட்டத்து தம்புள்ளையில், பிக்குகள் முன்னின்று வந்த கூட்டம் ஒன்று ஹைரியா ஜும்ஆப் பள்ளிவாசலுக்குள் புகுந்தது. புனித பூமியில் பள்ளி இருக்கக்கூடாது என்பது கோஷம். அன்று அங்கே ஜும்ஆ நடக்கவில்லை. அந்த ஒளிப்படங்களை நாங்கள் செய்தியில் பார்த்தோம். ஏ-9 வீதியில் நாங்கள் அடிக்கடி கடந்து போகிற ஊர். எங்கள் சொந்தக்காரர்கள் கடை வைத்திருக்கிற ஊர்.

அதே வருஷம் நவம்பரில் விஜயின் ‘துப்பாக்கி’ வந்தது. மும்பையில் ஒளிந்திருக்கிற குண்டுவெடிப்புக் கூட்டத்தைக் கதாநாயகன் ஒவ்வொருவராகத் தேடிக் கொல்லுகிற கதை. தமிழ்நாட்டு முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. படக்குழு மன்னிப்புக் கேட்டது. விஜய் ஒரு படத்தில் முஸ்லிமாக நடிப்பார் என்ற பேச்சும் வந்தது. கெட்ட முஸ்லிமைக் காட்டியதற்கு நட்டஈடு ஒரு நல்ல முஸ்லிம்! யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. 2013 ஜனவரியில் கமலின் ‘விஸ்வரூபம்’ தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டு, சில இடங்களில் ஒலியை நிறுத்திய பிறகு பெப்ரவரி 7ஆம் திகதி வெளியானது. அதில் கதாநாயகனே முஸ்லிம்தான். ஆனால் அவன் நல்ல முஸ்லிம் என்பதற்கு இருக்கிற ஒரே சான்று, கெட்ட முஸ்லிம்களை வேட்டையாடுகிறான் என்பது.

எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் அந்த நாட்களில் ‘விஸ்வரூபம்’ பற்றித்தான் பேச்சு. தடை செய்தது சரி என்று பாதிப் பேர், பிழை என்று பாதிப் பேர். சூடான வாக்குவாதம். படத்தை அப்போது ஒருவரும் பார்த்திருக்கவில்லை. அதே பெப்ரவரி 17ஆம் திகதி மஹரகமவில் பொதுபல சேனா கூட்டம் போட்டு ஹலாலுக்கு எதிராகப் பிரகடனம் செய்தது. மார்ச்சில் உள்நாட்டுப் பொருட்களிலிருந்து ஹலால் இலச்சினை இறங்கியது. எங்களைப் பற்றி ஒரு பெரிய கதை எங்கள் சொந்த நாட்டிலே எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோது, நாங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் எழுதப்பட்ட கதையைப் பற்றிச் சண்டை பிடித்தோம். இதைச் சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த வாக்குவாதத்தில் அதிகம் சத்தம் போட்டவள் நான்.

‘நம்’ என்ற சொல்

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு பாடசாலைகள் மறுபடி திறந்தன. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தார்கள். கொன்றவர்களுக்கு எங்கள் பெயர்கள் இருந்தன. அந்தத் துக்கத்தையும் வெட்கத்தையும் எந்த வார்த்தையில் சொல்வதென்று தெரியாமல் இருந்த நாட்கள். பஸ்ஸில் ஏறுமுன் பையைத் திறந்து காட்டினேன். உள்ளே தரம் 10இன் கட்டுரைக் கொப்பிகள், சோற்றுப் பார்சல், குடை. முகத்தை மூடுவதற்குத்தான் சட்டத்தில் தடை வந்தது. ஆனால் முகம் திறந்த அபாயாவோடு வேலைக்குப் போன எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவரை வாசலிலேயே நிறுத்தினார்கள்.

எங்கள் பஸ்ஸில் ஆறு வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற சிங்களப் பெண் ஒருவர் இருந்தார். தாதி. அந்தக் கிழமை வேறு ஆசனத்துக்குப் போய்விட்டார். நான் குறை சொல்லவில்லை, பயம் எல்லாருக்கும் இருந்தது. மூன்றாவது கிழமை திரும்பி வந்து உட்கார்ந்தார். கடலைப் பொட்டலத்தை நீட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “மிஸ் நம் ஹொந்தய்.”

சிங்களம் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ‘ஹொந்தய்’ என்றால் நல்லது, நல்லவர். ‘நம்’ என்ற சின்னச் சொல்தான் கனமானது. ‘மிஸ் என்றால் நல்லவர்’, அதாவது மற்றவர்களைப் பற்றிச் சொல்ல முடியாது, நீங்கள் என்றால் நல்லவர். தமிழில் ‘நம்’ என்றால் எல்லாரையும் உள்ளே சேர்க்கிற சொல். சிங்களத்து ‘நம்’ அந்த இடத்தில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களை வெளியே நிறுத்துகிறது. அவர் அன்போடுதான் சொன்னார். அந்த அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் ஒன்றாகத்தான் போய் வருகிறோம். ஆனால் அந்தக் காலைதான் பாய் யார் என்று எனக்கு விளங்கியது. நல்ல பாயும் கெட்ட தீவிரவாதியும் எதிரெதிரான இரண்டு பேர் அல்ல. ஒருவரைத் தூக்கிக் காட்டுவது மற்றவர்கள் மேல் உள்ள சந்தேகத்தை உறுதிப்படுத்தத்தான். நல்லவர் என்ற சான்றிதழ் கையில் கிடைக்கிற நேரத்திலேயே, சான்றிதழ் தேவைப்படுகிறவள் ஆகிவிட்டேன்.

‘பம்பாய்’ (1995) படத்தில் ஷைலா பானு காதலனைத் தேடி ஓடுகிறபோது அவளுடைய புர்கா ஒரு நங்கூரத்தில் மாட்டிக்கொள்ளும். அதைக் கழற்றி விட்டுவிட்டு ஓடுவாள். பத்தாம் வகுப்பில் அது எனக்கு அழகான காட்சியாக இருந்தது. 2019இல் வாசலில் நிறுத்தப்பட்ட அந்தத் தோழி சொன்னா, “அங்க நங்கூரம், இங்க கேட்டு. நாம அதக் கழட்டினாத்தான் கதை முன்னுக்குப் போகுது.” நான் புர்காவுக்காக வாதாட வரவில்லை. உடுத்துகிறவள் கழற்றுவதும் கழற்றாததும் அவளுடைய முடிவு. ஆனால் திரையில் அவளுடைய உடுப்பு ஒன்றில் தடையாக வரும், இல்லாவிட்டால் பொலிஸிடம் இருந்து தப்பிக்க நகைச்சுவை நடிகர் போட்டுக்கொள்கிற மாறுவேடமாக வரும். அதைப் போட்டுக்கொண்டு கொப்பி திருத்துகிற ஒருத்தியாக நான் இன்னும் பார்க்கவில்லை.

எங்கள் அரசியலும் இந்த நடிகர் தேர்வைப் போலத்தான் போனது. 2019 ஜூன் 3ஆம் திகதி, கண்டியில் அத்துரலியே ரதன தேரரின் உண்ணாவிரதத்துக்கு நடுவே, முஸ்லிம் அமைச்சர்கள் எல்லாரும் ஒன்றாகப் பதவி விலகினார்கள். சமூகத்தின் பாதுகாப்புக்காக என்றார்கள். அந்த நேரத்தில் அது புத்தியான முடிவாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் குற்றமே செய்யாத ஆட்கள் காட்சியிலிருந்து வெளியேறியதால்தான் காட்சி அடங்கியது. அடுத்த வருஷம் கொரோனா. ஜனாஸாக்களை எரித்தார்கள். உலக சுகாதார அமைப்பு அடக்கலாம் என்று சொல்லியும், 2021 பெப்ரவரி இறுதி வரை எரித்தார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அதே வருஷம் நவம்பர் 18ஆம் திகதி பதவியேற்ற புதிய அமைச்சரவையில் ஒரு முஸ்லிம் கூட இல்லை. இனம் பார்க்கவில்லை, தகுதிதான் பார்த்தோம் என்று விளக்கம். இந்த விளக்கத்தை நல்லெண்ணத்தோடு ஏற்றுக்கொள்ள ஆசைதான், எங்கள் ஊரிலும் பலர் அந்தக் கட்சிக்குத்தான் வாக்குப் போட்டார்கள். ஆனால் படத்தில் ஒரு பாத்திரம் இல்லாவிட்டால், “கதைக்குத் தேவைப்படவில்லை” என்று இயக்குநர் சொல்வாரே, அதுதான் ஞாபகம் வந்தது.

வேறு விதமாகவும் முடியும்

தமிழ்ச் சினிமா முழுவதும் இப்படித்தான் என்று சொன்னால் அது நியாயம் இல்லை. வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021) படத்தில் சிலம்பரசன் அப்துல் காலிக். வெளிநாட்டில் இருந்து சிநேகிதனின் கல்யாணத்துக்கு வருகிற சாதாரண இளைஞன். ஒரு அரசியல் கொலையைச் செய்து பழியை ஒரு முஸ்லிம் பையன் தலையில் போட்டுக் கலவரம் மூட்ட ஒரு கூட்டம் திட்டமிடுகிறது. காலிக் சாகிறான், மறுபடி அதே நாளின் காலையில் விமானத்தில் கண் விழிக்கிறான். மறுபடி சாகிறான், மறுபடி விழிக்கிறான். காலச்சுழல் என்பது விளையாட்டுக்குச் சேர்த்த உத்தி என்றுதான் பலர் பார்த்தார்கள். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. ஒவ்வொரு காலையும் எழும்பி, நேற்று நிரூபித்ததை இன்றைக்கும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டிய வாழ்க்கை எங்களுக்குப் பழக்கமானது. இருந்தாலும் காலிக்கும் கடைசியில் நாட்டைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

மலையாளத்தில் ஸக்கரியா எடுத்த ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ (2018) அந்தச் சுமையையும் இறக்கி வைத்துவிட்டது. மலப்புறத்தில் ஒரு கால்பந்துக் கழகத்தை நடத்துகிற மஜீத், காயப்பட்ட நைஜீரிய வீரனைத் தன் வீட்டில் வைத்துப் பார்க்கிறான். மஜீத் நல்லவனா? ஓரளவுக்கு. தன் உம்மாவை மறுமணம் செய்த மனிதரோடு முகம் கொடுத்துப் பேசாத அளவுக்குக் கல்நெஞ்சன். கடன்காரன். அந்த வீட்டு உம்மாமார் இருவரும் பேசுவதைக் கேட்டால் எங்கள் உகுவளையிலோ வரக்காமுறையிலோ ஒரு முற்றத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். அதே இயக்குநரின் ‘ஹலால் லவ் ஸ்டோரி’ (2020), ஒரு முஸ்லிம் அமைப்பு தங்கள் மார்க்க வரம்புக்குள் ஒரு படம் எடுக்கப் படுகிற பாட்டைச் சொல்கிறது. கணவன் மனைவியாக நடிக்க உண்மையான கணவன் மனைவியே வேண்டும் என்று கட்டாயம். அப்படி ஒரு சோடியைப் பிடித்து நடிக்க வைத்தால், நடிப்புக்குள் அவர்களுடைய சொந்த வீட்டுப் பிரச்சினை வெளியே வருகிறது. சிரித்துக்கொண்டே நம்மை நாமே விமர்சிக்கிற படம். அதைச் செய்யக்கூடிய உரிமை உள்ளே இருக்கிறவருக்குத்தான் முழுதாக உண்டு. உள்ளே இருந்து யாரும் செய்யாவிட்டால் வெளியே இருக்கிறவர் செய்வார், பிறகு நாம் தடை கேட்போம்.

இதைச் சொன்னால், “கேரளாவில ஏலும், இங்க எப்படி?” என்று கேட்பார்கள். இங்கேயும் இருந்தது. 70களில் இலங்கை வானொலியில் ‘கோமாளிகள் கும்மாளம்’ கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாப்பா அதை வசனம் வசனமாகச் சொல்லிக் காட்டுவார். யாழ்ப்பாணத்து அப்புக்குட்டி, சிங்களவர் பேசுகிற தமிழில் உபாலி, ஐயர், நம்முடைய மரிக்கார். அது 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. அதில் மரிக்காராக நடித்தவர் எஸ். ராமதாஸ். கடைசி வரைக்கும் மரிக்கார் ராமதாஸ் என்றே அவர் அறியப்பட்டார். ஐயராக நடித்தவர் நம்முடைய பி. எச். அப்துல் ஹமீத். மரிக்கார் வெறும் கேலிப் பாத்திரம்தானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் நான்கு பேருமே கேலிப் பாத்திரங்கள். ஒருவரும் ஒருவரைவிட நல்லவர் இல்லை, ஒருவரும் ஒருவரைக் காப்பாற்ற வரவில்லை. அவரவர் பேச்சோடு, அவரவர் அசட்டுத்தனத்தோடு ஒரே அளவு இடத்தில் நின்றார்கள். மாத்தளை கார்த்திகேசு எங்கள் மாவட்டத்துப் பெயரைத் தன் பெயரோடு சுமந்துகொண்டு 1980இல் ‘அவள் ஒரு ஜீவநதி’யைக் கொண்டு வந்த காலமும் அதை ஒட்டியதுதான். 1983க்குப் பிறகு அந்த வாசல்கள் ஒவ்வொன்றாக மூடின. மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் எரிந்த அதே ஜூலை.

சிவப்புப் பேனை

இனி என் கணக்கு. பிள்ளைகளின் நாடகத்தைத் திருப்பிக் கொடுத்து, “நீங்க வீட்டுல பேசுற மாதிரி எழுதுங்க” என்றேன். ஒரு மாணவி உடனே கேட்டா: “அப்பிடி எழுதினா நீங்கதானே டீச்சர் வெட்டுவீங்க?”

உண்மை. பதினெட்டு வருஷமாக நான் வெட்டித்தான் வந்திருக்கிறேன். ‘ஈக்கி’ என்று எழுதினால் சிவப்புக் கோடு, ‘இருக்கிறது’. ‘செல்லுறாங்க’ என்றால் சிவப்புக் கோடு, ‘சொல்கிறார்கள்’. கட்டுரைக்கு அது சரி. பரீட்சைக்கு அது தேவை. ஆனால் கதையில், நாடகத்தில், கடிதத்தில் எல்லாம் அதையே செய்தேன். “மச்சி” என்று அவர்கள் எழுதியதை ஒருநாளும் வெட்டியதில்லை. அது சினிமாவில் வந்த சொல், அதனால் தமிழ். உம்மாவின் வாயில் வருவது கொச்சை. பிள்ளைகள் பாயை எங்கிருந்து எடுத்தார்கள் என்று தேடிக்கொண்டு போனவள், அவர்களுடைய நாநாவையும் ஹாஜியாரையும் கொப்பியை விட்டுத் துரத்தியது யார் என்று பார்த்திருக்கவில்லை.

நம் சமூகத்துக்கும் இதில் பங்கு உண்டு. படம் பார்ப்பது கூடாது என்று குத்பாவில் கேட்கிறோம், வீட்டுக்கு வந்து கையடக்கத் தொலைபேசியில் பார்க்கிறோம். வாப்பா இழுத்துவிட்ட ஜன்னல் திரை இன்னும் இழுபட்டே இருக்கிறது. பார்ப்பதை ஒளிக்கிற சமூகம் பார்த்ததைப் பற்றிப் பேசாது. பேசாத சமூகம் எழுதாது. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1885இல் ‘அசன்பேயுடைய கதை’யை எழுதி, இலங்கையின் முதல் தமிழ் நாவலைத் தந்தார் என்று நாம் மேடைதோறும் சொல்கிறோம். சரியான பெருமை. ஆனால் அதன் நாயகன் கெய்ரோவில் பிறந்தவன். கண்டித் தெருவில் சித்திலெப்பை அன்றாடம் கண்ட கடைக்காரரோ, வண்டிக்காரரோ, பாடசாலைக்குப் போக ஆசைப்பட்ட பெண் பிள்ளையோ நாயகராகவில்லை. அந்தக் காலத்துக்கு அது குறை அல்ல. நூற்று நாற்பது வருஷம் கழித்தும் நம் பிள்ளைகள் நாயகனைத் தேடி வேறு ஊருக்குப் போவதுதான் குறை. திக்குவல்லை கமால் தென்னிலங்கை முஸ்லிம்களின் பேச்சை எழுத்தில் கொண்டு வந்தார், எஸ். எல். எம். ஹனீபா கிழக்கின் மண்ணை எழுதினார். அவர்களை நாம் பாராட்டினோம். வகுப்பறைக்குள் கொண்டு போகவில்லை.

பிள்ளைகள் மறுபடி எழுதினார்கள். மாத்தளை பஸ் நிலையம், கடைசி பஸ். சாதிக்காய் மூட்டையோடு ஒரு உம்மா. உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் போக ஆசைப்படுகிற மகள், போக வேண்டாம் என்று உம்மா. தேர் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்புகிற ஒரு தமிழ் அக்கா. இருந்த இடத்தை விட்டு எழும்பாத ஒரு சிங்கள நடத்துநர். ஒரு ஹாஜியார், மூட்டையைத் தராசில் குறைத்து நிறுத்ததற்காக உம்மாவிடம் ஏச்சு வாங்குகிறார், பிறகு அதே உம்மாவுக்குத் தன் ஆசனத்தைக் கொடுத்துவிட்டு வழி நெடுகச் சாதிக்காய் விலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டு நிற்கிறார். யாரும் யாரையும் திருத்தவில்லை. மகள் பல்கலைக்கழகம் போவாளா என்று நாடகம் சொல்லவில்லை. பஸ் புறப்படுகிறது.

விழாவில் மண்டபம் குலுங்கச் சிரித்தது, உம்மாமார் வரிசையில் ஒரு சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நடுவர்களில் ஒருவர் மட்டும், மொழி கொச்சையாக இருக்கிறது, முஸ்லிம் பாத்திரத்தை இன்னும் முன்மாதிரியாகக் காட்டியிருக்கலாம் என்று குறிப்பு எழுதினார். பரிசு கிடைக்கவில்லை. அந்த நடுவரும் நம்மவர்தான். அவர் எதிர்பார்த்தது பாயைத்தான்.

இந்தச் சஞ்சிகையில் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகள் நடிக்கக்கூடிய, இருபது நிமிஷத்துக்குள் முடிகிற நாடகங்கள் எங்களுக்கு வேண்டும். நல்ல முஸ்லிமும் வேண்டாம், கெட்ட முஸ்லிமும் வேண்டாம். தராசில் குறைத்து நிறுத்துவிட்டு, அதற்காக வெட்கப்படவும் தெரிந்த ஒரு ஹாஜியார் போதும். அவர் எந்த ஊரில் எப்படிப் பேசுவாரோ அப்படியே எழுதி அனுப்புங்கள்.

நாடகம் முடிந்து மேடைக்குப் பின்னால் சாமான்களை அடுக்கும்போது, அந்தப் பின்வரிசைப் பையன் ஒட்டுத் தாடியைக் கழற்றிக்கொண்டே, “டீச்சர், அந்த ஹாஜியார் அச்சொட்டா என்ட மூத்தாப்பா மாதிரியே ஈக்கி” என்றான். மூத்தாப்பா முன்வரிசையில்தான் இருந்தாராம். நாடகம் முடிந்ததும் முதலில் கேட்ட கேள்வி, “நான் எப்ப மகன் நிறுவையில குறச்சேன்?”